போனவர்கள் கப்பில் வருகிறவர்களுக்கு டீ

ஜனவரி 12, திங்கள்
தலைமை அலுவலகம், மூன்றாம் மாடி, பேன்ட்ரி

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். போன மாதம் வேலையை விட்டு அனுப்பப்பட்ட கணக்கர், மேசை இழுப்பறையில் விட்டுப்போனது. தூசி தட்டும்போது சும்மா போட்டுப் பார்த்தேன். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் இருப்பதெல்லாம் எழுத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக ஏதோ பூவேலை என்று நினைத்திருந்தேன். திருடவில்லை. அவர் வந்து கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவேன். கேட்கும்வரை என் மூக்கில் இருக்கட்டும்.

போனில் பேசலாமே என்பாய். எடுத்ததும் "அண்ணி, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். இத்தனை மீட்டிங்கில் உட்கார்ந்தும் உனக்கு இன்னும் கூன் விழவில்லையே என்று உன் அண்ணனிடம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். அதோடு, பேசினால் நான் சிரித்து மழுப்பிவிடுவேன். எழுதினால் முடியாது. நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு சட்டி பால் பொங்கிவிடும், அவ்வளவு நேரம் யாரால் சிரித்துக்கொண்டிருக்க முடியும்? நம் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் தினமும் போய்வரும் தபால் பையை நான்தான் கட்டுகிறேன். அதில் இதையும் சொருகிவிடுகிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த வேலைக்கு நாலு வருஷம் ஆகிறது. கடைசி எட்டு மாதம் மாதிரி நான் பார்த்ததில்லை. ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஆள் எடுக்கிறார்கள். சேர்க்க இல்லை, தூக்க. சின்ன அறையில் காலை ஒன்பதுக்குள் தண்ணீர் ஜாடியும் டிஷ்யூ பெட்டியும் வைக்க வேண்டும், அது என் வேலை. நான் அந்தப் பெட்டியோடு நடந்தால் மாடியே மூச்சை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறது. கல்யாணத்தன்றுகூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஒரேயடியாக அனுப்பியிருந்தால் ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும். இது பல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவது. இருக்கிறவர்கள் மேசையில் இருந்த செடி, பிள்ளை போட்டோ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அனுப்பும் அன்றைக்கு எல்லாம் ஒரு பையில் அடங்க வேண்டுமாம். யாரும் லீவு போடுவதில்லை. காய்ச்சலோடு வந்து உட்காருகிறார்கள். யார் இன்னும் இருக்கிறார் என்பதை இருமல் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். மேலாளருக்கு நான் வைத்த பெயர் 'பெருமூச்சு'. ஒவ்வொரு ஆளையும் சின்ன அறைக்குக் கூப்பிடுவதற்கு முன் ஒன்று விடுவார். மானிட்டரில் ஒட்டிய சீட்டு பறக்கும்.

இங்கே ஆளுக்கொரு கப் வீட்டிலிருந்து கொண்டுவருவது பழக்கம், உனக்குத் தெரியும். பெருமூச்சின் கப் நீலம், 'இங்கே நான்தான் பாஸ்' என்று எழுதியிருக்கும். எல்லாரும் சந்தோஷமாக இருந்த காலத்தில் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. இருக்கிறவர்கள் கப் என் அலமாரியில் மேல்தட்டில். போனவர்கள் யாரும் கப்பை எடுத்துப்போவதில்லை. அதை நான் கீழ்தட்டுக்கு இறக்கிவிடுவேன். இப்போது முப்பத்தெட்டு சேர்ந்திருக்கிறது. சிக்கனம் என்று பேப்பர் கப்பை நிறுத்திவிட்டார்கள். இன்டர்வியூவுக்கு வருகிறவர்களுக்கு எதில் டீ கொடுப்பது என்று எல்லாரும் முழித்தார்கள். நான் கீழ்தட்டிலிருந்து எடுத்து, கழுவி, கொடுத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு மூளையைப் பார்த்தாயா.

ஒரு கதவு வழியாக அனுப்பிக்கொண்டே இன்னொரு கதவு வழியாகக் கூப்பிடுகிறார்களே, இது என்ன நியாயம்? ஆள் சேர்க்கிற உத்தியோகத்தில் இருப்பவன் நீ. நீதான் சொல்ல வேண்டும்.

உன் அண்ணி


ஜனவரி 20, செவ்வாய்

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. பையைப் பிரித்த பெண், "சார், லவ் லெட்டரா?" என்று கேட்டாள். "அண்ணி லெட்டர்" என்றேன். நம்பவில்லை.

நீங்கள் கேட்டதற்கு எனக்குச் சொல்லப்பட்ட பதில்: போகிறவர்கள் வேறு வேலைக்கான ஆட்கள், வருகிறவர்கள் வேறு வேலைக்கான ஆட்கள். நான் அதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். நவம்பரிலிருந்து பதினான்கு பேருக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்தேன். பதினொரு பேர் சேரவில்லை. போனில் பேசும்போது ஆர்வமாக இருக்கிறார்கள். கடைசி இன்டர்வியூவுக்கு உங்கள் மாடிக்கு வருகிறார்கள். திரும்பிப் போனதும் "வேற இடத்துல கிடைச்சிருச்சு சார்" என்கிறார்கள். பதினொரு பேரும் ஒரே வாக்கியம். அங்கே அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? வரவேற்பறைப் பெண் முகம் சுளிக்கிறாளா? யாராவது ஏதாவது சொல்கிறார்களா? கொஞ்சம் கவனித்துச் சொல்லுங்கள்.

மார்ச் முடிவதற்குள் பத்துப் பேரைச் சேர்க்காவிட்டால் என் பெயரும் பட்டியலில் வரும் என்று நேரடியாகவே சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவளுக்கு ஆறாம் மாதம். அவளிடமும் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிட வேண்டிய நேரத்தில் இதை எதற்கு.

இன்னொன்று. செப்டம்பர் கடைசியில் ஒரு பெண் அங்கே சேர்ந்தார். சுருட்டைமுடி, இரண்டு சின்னப் பிள்ளைகள். என் மூலமாக வந்தவர். முன்பெல்லாம் போன் செய்வார், இப்போது செய்வதில்லை. நன்றாக இருக்கிறாரா?

அன்புடன்,
தம்பி


ஜனவரி 28, புதன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடி துப்பறிந்தேன். வரவேற்பறைப் பெண் நன்றாகச் சிரிக்கிறாள், தேவைக்கு மேலேயே சிரிக்கிறாள். லிஃப்ட் சத்தம் போடுகிறது, ஆனால் அதற்காக யாரும் வேலையை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கக்கூஸை நானே முகர்ந்து பார்த்தேன். உனக்காக நான் செய்யாதது எதுவும் மிச்சமில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

நேற்று ஒரு பெண் இன்டர்வியூவுக்கு வந்தாள். பேப்பரெல்லாம் அழகாக அடுக்கி மடியில் வைத்திருந்தாள். டீ கொடுத்தேன். கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு குழந்தை போட்டோவும் 'உலகத்திலேயே நல்ல அப்பா' என்றும் இருந்தது.

"அக்கா, இது யாரோட கப்?"

"ஒருத்தர் இருந்தாரும்மா, ஆறு வருஷமா. நவம்பர்ல போயிட்டாரு."

"இறந்துட்டாரா?"

"ஐயோ, நல்லா கல்லு மாதிரி இருக்காரு. இங்கிருந்து அனுப்பிட்டாங்க, அவ்வளவுதான்."

"நிறைய பேரை அனுப்பிட்டாங்களா?"

"கப்பை எண்ணினா நாப்பது."

டீ ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆக என் டீயில் குறை இல்லை. ஏன் வர மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கும் புரியவில்லை.

சுருட்டைமுடியைக் கேட்டாயே. டிசம்பர் இரண்டாம் வெள்ளி. பதினோரு வாரம்தான் இருந்தாள். சின்ன அறையிலிருந்து வெளியே வந்தவள் அழவில்லை. பேன்ட்ரிக்கு வந்து தன் கப்பை என் கையில் கொடுத்தாள். நீலக் கப், அதில் இரண்டு பிள்ளைகளும் வெள்ளைப் பெயின்டில் கை பதித்திருக்கும். "அக்கா, இதைக் கொண்டுபோனா, என்னன்னு கேப்பாங்க. நீங்களே வச்சுக்கங்க" என்றாள். பழைய இடத்தில் நல்ல வேலையில் இருந்தாளாம். "ஏம்மா விட்டுட்டு வந்தே?" என்று கேட்டேன். "போன்ல ஒருத்தர் பேசினாருக்கா. ரொம்ப நல்ல மாதிரி. அனுப்புறதெல்லாம் முடிஞ்சுது, இனி யாரையும் தொட மாட்டாங்கன்னு சொன்னாரு" என்றாள்.

அந்த நல்ல மாதிரி யார் என்று நான் சொல்லவில்லை. பால் பொங்குகிற மாதிரி பாவனை செய்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுப்பில் பால் இல்லை.

உன் அண்ணி


பிப்ரவரி 2, திங்கள்

அண்ணிக்கு,

கப். கப்தான் அண்ணி. வேறு எதுவும் இல்லை.

வேலை தேடி வருகிற ஒருவர் கையில், வேலை போன ஒருவரின் கப்பைக் கொடுத்து, போன கதையையும் சொல்லி அனுப்புகிறீர்கள். பதினொரு பேர். நான் மூன்று மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். என் வேலைக்கு உலை வைத்தது வேறு யாருமில்லை, என் வீட்டு ஆள்.

தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். வெள்ளைக் கப் ஒரு டஜன் வாங்கச் சொல்லி இங்கிருந்து ஏற்பாடு செய்கிறேன். யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். உங்களைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சுருட்டைமுடி விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. எனக்குச் சொன்னதைச் சொன்னேன். நீங்கள் எழுதிய விதம் சரியில்லை. அடுப்பில் பால் இல்லை என்று எனக்கு எதற்கு எழுத வேண்டும்?

இனி பையில் கடிதம் வைக்காதீர்கள்.


மார்ச் 9, திங்கள்

தம்பிக்கு,

பையில் வைக்கவில்லை, தபாலில் போடுகிறேன். ஸ்டாம்பு ஒட்டி எத்தனையோ வருஷமாகிறது. நக்கினேன், இப்போது அதற்குத் தேவையில்லையாம், தபால்காரம்மா சிரித்தாள்.

ஐந்து வாரமாக நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. உன் அண்ணன், "உங்க ரெண்டு பேருக்கும் என்ன, வாய்ல கொழுக்கட்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரியில் 'எனக்கும் புரியவில்லை' என்று எழுதினேன் அல்லவா, அது பொய். முதல் இரண்டு பேருக்குத் தெரியாமல்தான் அந்தக் கப்பைக் கொடுத்தேன். அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். மூன்றாவது ஆளிலிருந்து தெரிந்தே கொடுத்தேன். கேட்கட்டும் என்றே குழந்தை போட்டோவை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். சுருட்டைமுடி போனதற்கு அப்புறம் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. நான் டிஷ்யூ பெட்டி வைக்கிறவள், யாரிடம் போய் என்ன சொல்ல? கப் சொல்லட்டும் என்று விட்டேன். அந்தப் பதினொரு பேரில் ஒவ்வொருவரும் லிஃப்டுக்குள் போகும்போது, ஒரு பெட்டி டிஷ்யூ மிச்சம் என்று நினைத்துக்கொள்வேன். அது உன் தலையில் விடியும் என்று சத்தியமாகத் தெரியாது. தெரிந்த பிறகும் அந்தக் கடிதத்தில் மறைத்தேன் பார், அதுதான் குறுகுறுக்கிறது.

வெள்ளைக் கப் வந்தது. கீழ்தட்டுக்கு ஒரு துணி போட்டு மூடிவிட்டேன். நீ சொன்னபடி வாயையும் மூடிக்கொண்டேன். உனக்கே தெரியும், வரிசையாக ஆள் சேர்கிறார்கள். சந்தோஷம்தானே. எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காதே.

சேர்ந்தவர்களில் ஒரு தாடிக்காரர். நாற்பது வயதுக்கு மேல். பதினொரு வருஷம் ஒரே இடத்தில் இருந்தவர். இன்டர்வியூ அன்றைக்கு வெள்ளைக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இங்க எப்படிக்கா? வரலாமா?"

நான் சிரித்தேன். "டீ நல்லாருக்கும் சார்" என்றேன்.

அவரும் சிரித்தார். போன திங்கட்கிழமை சேர்ந்துவிட்டார். தினமும் நேரத்துக்கு முன்னால் வருகிறார். எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்கிறார். யாரும் பதில் சொல்வதில்லை, போகப்போகிற ஆளின் பெயரைத் தெரிந்துகொள்வானேன் என்று. நான் அவர் மேசைக்கு டீ வைத்துவிட்டு ஓடிவந்துவிடுகிறேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு உன் முகம் குறுக்கே வந்தது, அதனால் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் சேர்த்துக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது தம்பி. உன் வேலையை ஒரே ஒரு நாள் பார்த்தேன். எனக்கு ஆகாது.

அவளுக்கு இப்போது எட்டாம் மாதம் இருக்கும். கால் வீங்குகிறதா? உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல். நீ கோபமாக இரு, அது உன் இஷ்டம். அவள் காலையாவது பிடித்துவிடு.

உன் அண்ணி


மார்ச் 26, வியாழன்

அன்புள்ள அண்ணிக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவது முறை கிழிக்கப் பேப்பர் இல்லை.

பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மார்ச் பதினொன்றாம் தேதி அதற்காக எனக்குக் கைதட்டினார்கள். மதியம் உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு, சுருட்டைமுடிக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்பதா, விசாரிப்பதா என்றுகூட முடிவு செய்யவில்லை. "எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தாங்க" என்று ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் நினைக்கல சார். நீங்க யார்கிட்டயும் கேட்டுப் பாக்கலைன்னுதான் நினைச்சேன்" என்றார். இன்னும் வேலை கிடைக்கவில்லையாம். எங்கே போனாலும் பதினோரு வாரத்தில் ஏன் வெளியே வந்தீர்கள் என்றுதான் கேட்கிறார்களாம்.

உண்மைதான் அண்ணி. கேட்டிருக்கலாம். அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டால் சொல்லியிருப்பார்கள். தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து போனில் பேசும் ஆட்களிடம் முதலிலேயே சொன்னேன்: இங்கே ஒன்றுவிட்டு ஒரு வெள்ளி ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது, இதைத் தெரிந்துகொண்டு வருவதானால் வாருங்கள். ஏழு பேரிடம் சொன்னேன். ஐந்து பேர் அப்போதே வைத்துவிட்டார்கள். இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். அதில் ஒருவர், "இதைச் சொன்ன முதல் ஆபீஸ் நீங்கதான்" என்றார். எட்டாவதாகப் பேசும்போது எனக்குப் பின்னால் என் மேலதிகாரி நின்றிருந்தார்.

ஏப்ரல் 3, வெள்ளி, காலை பத்தரைக்குத் தலைமை அலுவலகத்தின் சின்ன அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியை நீங்கள்தான் வைப்பீர்கள்.

வீட்டில் அவளிடம் சொல்லிவிட்டேன். "சரி, இனிமே தூக்கத்துல பல்லைக் கடிக்க மாட்டீங்க" என்றாள். இத்தனை மாதம் கடித்தேன் என்பது எனக்குத் தெரியாது.

அந்தக் கை பதித்த கப் பத்திரமாக இருக்கிறதா? இருந்தால் கட்டி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு நேரில் போய்க் கொடுக்கப் போகிறேன். போனில் சொன்னது மன்னிப்பாகவே இல்லை. வார்த்தை வராவிட்டாலும் கையில் ஏதாவது இருக்கும்.

பிப்ரவரியில் எழுதியதற்கு என்னை மன்னியுங்கள். உங்களைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று எழுதினேன். அங்கே பேசிய ஒரே ஆள் நீங்கள்தான்.

தம்பி


ஏப்ரல் 6, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும், பொறுத்துக்கொள். கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை உனக்குப் புதுப் பெட்டி பிரித்து வைத்தேன். பாதி தீர்ந்ததை வைக்க மனசு வரவில்லை. கதவுக்கு வெளியே ஒரு துணியை வைத்துக்கொண்டு ஒரே இடத்தைத் துடைத்தேன், அந்த இடம் இப்போது நிறம் மாறியிருக்கிறது. ஆறு நிமிஷத்தில் வெளியே வந்தாய். நீ ஏதாவது சொல்வாய் என்று பார்த்தேன். "அண்ணி, டீ" என்றாய். சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியாது, நீயும் சொல்லவில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்றாயே, அந்த முகம்தான். ஆனால் அன்றைக்கு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாய். இப்போது என்னைப் பார்த்தாய்.

நீ போன பிறகு தாடிக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை, என் பேரைச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "தெரியும்க்கா" என்றார். "முதல் நாளே தெரிஞ்சுது. என் டிராயர்ல யாரோட காலண்டரோ இருந்துச்சு, நவம்பரோட கிழிக்காம நின்னிருந்துச்சு."

"அப்புறமும் ஏன் சார் இருக்கீங்க?"

"பழைய இடத்துல என் சீட்டுக்கு ஆள் போட்டுட்டாங்க" என்றார். கப் கொண்டுவரவில்லையா என்று கேட்டேன். வெள்ளைக் கப்பே போதுமாம். மன்னித்தாரா என்று தெரியவில்லை. ஆனால் இன்றைக்கு நான் குட் மார்னிங் சொன்னேன், அவரும் சொன்னார். இருமிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேரும் சொன்னார்கள்.

இங்கே வந்துவிடு. உன் அண்ணன் மாடி அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார். பிரசவம் முடியும்வரை அவளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலை தேடு. வேலை இல்லாதவனைக் கிண்டல் செய்யக் கூடாது என்று அவர் எனக்குச் சட்டம் போட்டிருக்கிறார். ஒரு வாரம் தாங்குவேன்.

இப்போது கண்ணாடி. வெள்ளிக்கிழமை காலை, நீ வருவதற்குச் சற்று முன்னால், கணக்கர் தன் அனுபவச் சான்றிதழ் வாங்க வந்தார். வரவேற்பறையில் பாரத்தைக் கை நீட்டுகிற தூரத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கழற்றிக் கொடுத்தேன். "எனக்கு அளவா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்றார். "உங்க டிராயர்ல" என்றேன். போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் உனக்கான கப்பைச் செய்தித்தாளில் சுற்றினேன். முந்தின நாளே கழுவி மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருந்தேன். நீல நிறம் என்று பார்த்து எடுத்தேன். கை பதித்த கப் இன்னும் மேல்தட்டில்தான் இருக்கிறது. இன்று காலைதான் தெரிந்தது. நேற்று நீ சுருட்டைமுடியின் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுக் கொடுத்தது, 'இங்கே நான்தான் பாஸ்' என்ற கப்.

பெருமூச்சு தன் கப்பை எங்கே என்று கேட்டார். கழுவப் போட்டிருக்கிறது என்று சொல்லி வெள்ளைக் கப்பில் டீ கொடுத்தேன். மேல்தட்டில் அவர் கப் இல்லாததைப் பதினொரு மணிக்கு ஒருவர் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குள் மாடிக்கே தெரிந்துவிட்டது. மதியம் இரண்டு பேர் அவர் அறைக்குப் போய்க் கையைக் குலுக்கி, தைரியமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நாலு மணிக்கு வரவேற்பறைப் பெண் டிஷ்யூ பெட்டியைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள். அவர் ஒன்றை உருவி மூக்கைச் சிந்திக்கொண்டார். மூன்று நாளாக ஜலதோஷமாம்.

உன் அண்ணி